தக்கை வாடை

போலீஸ் நிலையத்து ஃபிரிட்ஜைத் திறந்ததும் ரெமி சீட்டியடித்தான்.

“மேடம், இங்க பாருங்க. கொலைச் சாட்சியா ரெண்டு பாட்டில், நடுவுல ஒரு ஹாம் சாண்ட்விச். சாண்ட்விச்சையும் விசாரிக்கணுமா, இல்ல சாப்பிட்டுடலாமா?”

“அது என்னோடது. தொடாதீங்க” என்றார் பின்னால் நின்ற கேப்டன் கெர்வெல். “அப்புறம், கொலைன்னு யார் சொன்னது? இது விபத்து. ஒருத்தனோட அஜாக்கிரதையால வந்த விபத்து.”

ஓரெலி தெஷான் பாட்டில்களைக் குனிந்து பார்த்தாள். டிஜோன் குற்றப்பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு, மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, தனியாகத் துப்பறிகிறவள். எதிரில் இருப்பவர்களின் முகத்தை அவள் அதிகம் பார்ப்பதில்லை. கைகளைத்தான் பார்ப்பாள். முகம் பொய் சொல்லப் பழகியது, கைக்கு அந்தப் படிப்பு கிடையாது என்பது அவள் கட்சி.

“நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க கேப்டன்.”

“எத்தனை தடவை சொன்னாலும் அதேதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஒயின் தயாரிக்கிற ஆன்செல்ம் ரோஷ்வால், அதை ருசி பாக்கறதுக்குன்னே வீட்ல வெச்சிருக்கிற ருசி அறையில உக்காந்திருக்கார். கூட அவரோட ஒயினை வாங்கி விக்கிற வியாபாரி லகாஸ். பெரியவர் ஒரு வெள்ளை ஒயினைத் திறக்கறார், மோந்து பாக்கறார், ‘தக்கை வாடை’ன்னு முகத்தைச் சுளிக்கறார்…”

“அப்படின்னா?” என்றான் ரெமி. ஓரெலியின் உதவியாளான அவன், வடக்கே லீல் பக்கத்தில் பீர் குடிக்கும் குடும்பத்தில் பிறந்தவன். ஒயின் என்றால் அவனுக்குச் சிவப்பு, வெள்ளை என்ற இரண்டே ஜாதி.

“பாட்டில் தக்கை கெட்டுப்போனா ஒயின்லேர்ந்து மழைல நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம் வரும்” என்றாள் ஓரெலி. “மேல சொல்லுங்க.”

“வேற பாட்டில் எடுக்க நிலவறைக்கு இறங்கறார். அக்டோபர் மாசம், புதுச் சாறு பீப்பாய்ல பொங்கிட்டிருக்கு. கீழ முழுக்கக் கரியமில வாயு. அதை வெளியே தள்ளுற ஃபேன் ஓடல. பெரியவர் அங்கயே சுருண்டு விழுந்துட்டார், பக்கத்துல அவர் எடுத்த பாட்டிலோட. காலைல ஃபேனைப் போட வேண்டியவன் நிலவறை பாத்துக்கற பஸ்தியான். ‘போட்டேன்’னு சாதிக்கறான். திங்கட்கிழமை அவன் மேல கேஸ் எழுதறேன். முடிஞ்சது.”

சுவரோரம் பெஞ்சில் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்த பெண் தலையை நிமிர்த்தவில்லை. இறந்தவரின் ஒரே மகள் இஸோர் ரோஷ்வால். தகப்பனைப் புதைத்து ஒரு நாள்தான் ஆகிறது. வியாழக்கிழமை டிஜோன் ஆபீசுக்கு வந்து அவள் சொன்ன வாக்கியம் ரெமிக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. ‘இது விபத்து இல்ல. எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதீங்க.’

அன்றைக்கே ரெமி சொல்லிவிட்டான். “டாக்டர்கிட்ட போய், வலிக்குது, எங்கன்னு கேக்காதீங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு மேடம். இந்தப் பொண்ணை நான் நம்பல.”

ஓரெலி இரண்டு பாட்டில்களையும் மேஜையில் வைத்தாள். முதலாவது, ருசி அறை மேஜையில் திறந்து கிடந்தது. வெறும் பச்சைக் கண்ணாடி, தோளில் ஒரு சாக்பீஸ் கோடு. இரண்டாவது, நிலவறையில் அவர் விழுந்த இடத்தில் கிடந்தது. ரோஷ்வால் குடும்பத்து லேபிள் பளிச்சென்று, இன்னும் திறக்காமல்.

“ருசி பாக்கலாமா கேப்டன்?”

“தாராளமா. விபத்துக்கு எதுக்குச் சாட்சி? நான் ப்ரெத்தாஞ்காரன், ஆப்பிள் மதுதான் குடிப்பேன். எனக்கு வேண்டாம்.”

நிலையத்தில் இருந்தவை காபிக் கோப்பைகள். இஸோர் தன் கைப்பையிலிருந்து துணி சுற்றிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை எடுத்தாள். மெல்லிய தண்டு, தாமரை மொட்டுப் போலக் குவிந்த வாய். முதல் பாட்டிலிலிருந்து இரண்டு விரற்கடை ஊற்றினாள். பழைய தங்கத்தின் நிறம். மூக்கைக் கிண்ணத்துக்குள் விடக்கூட இல்லை. மார்பு உயரத்தில் பிடித்தபடியே ஒரு மூச்சு இழுத்தாள். அவ்வளவுதான், முகம் இளகியது.

“குறையே இல்ல. அஞ்சு நாளாத் திறந்து கிடந்தும் அசையல.”

ஓரெலி வாங்கிக் குடித்தாள். முதலில் வறுத்த கொட்டையின் வாசம். அதன் பின்னாலேயே வெண்ணெய், எலுமிச்சைப் பூ. விழுங்கிய பிறகு, மழை விழுந்த சுண்ணாம்புக் கல்லை நக்கியது போல ஒரு குளிர்ச்சி நாக்கின் ஓரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

ரெமியும் குடித்தான். குறும்பாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், மூடிக்கொண்டான்.

“என்னடா, பேச்சைக் காணோம்?”

“இருங்க மேடம். அது இன்னும் போகல.”

அப்போதும் ஓரெலியின் கண் இஸோரின் கையில்தான் இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைக்கும்போது, கட்டைவிரலால் அதன் அடித்தட்டை இடப்பக்கமாக ஒரு சுற்றுத் தள்ளினாள் அவள். யாருக்கோ காட்டுவது போல.

“யாருக்காக அப்படித் திருப்புறீங்க?”

இஸோரின் விரல்கள் சட்டென்று மடங்கின. “பழக்கம்.”

இரண்டாவது பாட்டிலைத் திறந்தார்கள். இஸோர் மோந்தாள். முகம் வெளுத்தது. “எனக்குப் பல் வலி. செவ்வாய்க்கிழமைதான் டிஜோன்ல பல் பிடுங்கினேன். வாசனை சரியாத் தெரியல” என்று கிண்ணத்தை நகர்த்திவிட்டாள். இம்முறை அடித்தட்டு வலப்பக்கமாகத் திரும்பியது.

ஓரெலி ஒரு வாய் குடித்துவிட்டு ரெமியிடம் நீட்டினாள்.

“மொதல்ல குடிச்சது வீட்டை விட்டுப் போக மாட்டேங்குது” என்றான் அவன். “இது வந்ததே தெரியல.”

கேப்டன் சிரித்தார். “தெஷான் மேடம், நீங்க எங்க வரப் போறீங்கன்னு தெரியும். மொதல் பாட்டில் நல்லா இருக்கு, அப்போ லகாஸ் சொன்னது பொய். அதானே? ஆனா லகாஸ் அன்னைக்கே வாக்குமூலத்துல சொல்லிட்டார். ‘எனக்கு ஒரு வாடையும் தெரியல, ஆனா ஆன்செல்ம் மூக்கு சொன்னா எதிர்த்துப் பேச நான் யாரு’ன்னு. பெரியவர் தப்பா மோந்திருக்கலாம். வயசு எழுபத்தொண்ணு.”

அந்த வழி அங்கேயே அடைபட்டது.

காரில் ஏறியதும் ரெமி ஆரம்பித்தான். “மேடம், பொண்ணுதான். பல் வலியாம்! மொத பாட்டிலுக்கு வராத வலி ரெண்டாவதுக்கு மட்டும் வந்துச்சாம். சொத்து முழுக்க அவளுக்கு. நேத்து அப்பாவைப் புதைச்சா, இன்னைக்கு வருஷாந்தர ருசி விழாவைக்கூட நிறுத்தல. ஒயின் வாங்க வர்றவங்க எல்லாம் மூணு மணிக்கு வர்றாங்க.”

“அவ செவ்வாய்க்கிழமை டிஜோன்ல இருந்தா.”

“கூட்டாளி இருக்கலாமே. நம்மைக் கூப்பிட்டதே நம்ம கண்ணுல மண்ணைத் தூவத்தான்.”

“இருக்கலாம்” என்றாள் ஓரெலி. அவள் அப்படிச் சொன்னால் ரெமிக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடும். மறுத்துவிட்டால் நிம்மதியாக இருக்கும்.

கொடிகள் மஞ்சளாகிவிட்டிருந்த சரிவுகளின் நடுவே ரோஷ்வால் வீடு. முற்றத்தில் நீள மேஜை போட்டுக் கிண்ணங்கள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் ஆளாக வந்து நின்றிருந்தவர் ஒக்தாவ் லகாஸ். நன்றாகத் தைத்த கோட்டு, துக்கத்துக்கு ஒரு கறுப்பு டை. பக்கத்தில் போனதும் ரெமிக்குத் தும்மல் வந்தது. அத்தனை அத்தர்.

ருசி அறைக் கதவின் மேல் எனாமல் பலகை ஒன்று துருப்பிடித்துத் தொங்கியது. ‘வாசனைப் பூச்சோடு உள்ளே வராதீர்.’

“சார், உங்களைப் பாத்தாலே அந்தப் பலகை தானாக் கழண்டு விழணுமே” என்றான் ரெமி.

லகாஸ் கோபப்படவில்லை. “புது மனைவி வாங்கிக் குடுத்தது தம்பி, பூசாம வந்தா வீட்ல சண்டை. முன்னெல்லாம் ஆன்செல்ம் என்னைக் குழாயடிக்கு அனுப்பிக் கழுவிட்டு வரச் சொல்வான். இந்த வருஷம் முழுக்க ஒரு வார்த்தை சொல்லல. வயசானா மனுஷன் இளகிடறான் பாருங்க.” அவர் கண்கள் நனைந்தன. “முப்பது வருஷப் பழக்கம் மேடம். கடைசியா அவன் பேசினது என்கிட்டதான்.”

“கடைசியா என்ன பேசினார்?”

“‘இதைக் குடிக்காத, வேற கொண்டாரேன்’னான்.”

ஓரெலி அவர் கைகளைப் பார்த்தாள். அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

ரெமியைச் சமையலறையில் தேட வேண்டியிருந்தது. சமையல்காரி நொயெல் அவனுக்குச் சூடான சீஸ் பணியாரம் கொடுத்திருந்தாள். அவன் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“மேடம், இதுல கடுகு விழுது இல்ல, வெடி மருந்து இருக்கு!”

“முதலாளிக்குச் செஞ்சு செஞ்சு கை அப்படியே பழகிடுச்சு” என்றாள் நொயெல் சங்கடத்தோடு. “முன்னாடி மிளகு ஒண்ணு கூடினாலும் தட்டைத் தள்ளுவாரு, நாக்கு மரத்துப் போச்சுன்னா ஒயின் பாக்க முடியாதும்பாரு. கொஞ்ச காலமா எதுலயும் ருசியே இல்லன்னு கடுகு கேட்டாரு. மனசு எங்கயோ இருந்துச்சு போல. இதே நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாரு, அடுப்புல பால் கருகிக் கரியாப் போச்சு. நான் தோட்டத்துலேர்ந்து நாத்தம் தாங்காம ஓடி வர்றேன், இவரு அசையாம உக்காந்திருக்காரு.”

ஓரெலி வாசல் பக்கம் திரும்பிவிட்டாள். “ரெமி, நிலவறைக்குப் போகலாம்.”

“நான் இன்னும் ரெண்டு…”

“வா.”

நிலவறைக் கதவுக்கு வெளியே, சுவரில், ஃபேன் சுவிட்ச். பஸ்தியான் அங்கேதான் நின்றிருந்தான், சாட்சிக்கூண்டில் நிற்பவன் போல. ஐம்பது வயது, தோள்கள் பீப்பாய் உருட்டி உருட்டி அகன்றவை. தூங்கியே பல நாள் ஆன முகம். ஃபேன் இப்போது இரைந்துகொண்டிருந்தது.

“காலைல போட்டேன்” என்றான் அவர்கள் கேட்பதற்கு முன்பே. “மத்தியானம் சாப்பிட்டு வந்தா கதவு திறந்திருக்கு, ஃபேன் சத்தம் இல்ல. சுவிட்சைப் போட்டுட்டு மூச்சைப் பிடிச்சுட்டு இறங்கினேன். பெரியவரை இழுத்துட்டு வெளியே வந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஊருல யாரும் என் பொண்டாட்டிகிட்ட பேசறதில்ல மேடம். ரொட்டிக் கடைல அவளைப் பாத்ததும் வாயை மூடிக்கறாங்க.”

வாயு இருந்தால் அணைந்து காட்டிவிடும் என்று மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு அவன் முன்னால் இறங்கினான். காலடியில் ஈரம். கல் வளைவுகளுக்குக் கீழே பீப்பாய்கள் உள்ளுக்குள் கொப்பளித்துக்கொண்டிருந்தன, நூறு பேர் போர்வைக்குள் குசுகுசுப்பது போல. அதற்கப்பால் சுவர் முழுக்கப் பாட்டில்கள், பக்கவாட்டில் படுத்தபடி.

“எல்லாம் அம்மணமா இருக்கே” என்றான் ரெமி. “லேபிள் எங்க?”

“இந்த ஈரத்துல லேபிள் ஒட்டினா ஒரே மாசத்துல பூஞ்சை பிடிச்சு உரிஞ்சுடும். சாக்பீஸ் கோடுதான் எங்களுக்கு அடையாளம். ஊருக்கு அனுப்பறப்போதான் மேல கொண்டுபோய் லேபிள் ஒட்டுவோம்.”

ரெமி மெதுவாகத் திரும்பி ஓரெலியைப் பார்த்தான். அவள் முகத்தில் சின்னச் சிரிப்பு ஓடியது.

“பஸ்தியான், பெரியவர் பக்கத்துல ஒரு பாட்டில் கிடந்துச்சே, பாத்தீங்களா?”

“பாட்டிலைப் பாக்கற நிலைமையிலயா இருந்தேன்? போலீஸ்காரங்க எடுத்துட்டுப் போனதாச் சொன்னாங்க.”

“அதுல லேபிள் இருந்துச்சு.”

பஸ்தியான் சுடரைத் தூக்கிச் சுவர் முழுக்கக் காட்டினான். “அப்படின்னா அது இங்கேர்ந்து எடுத்தது இல்ல மேடம். வெளியே போயிட்டுத் திரும்பி வந்தது.”

இஸோர் ருசி அறையில் தனியாக இருந்தாள். ஜன்னல் வழியே முற்றத்தில் கார்கள் வந்து நிற்கும் சத்தம். ஓரெலி கதவைச் சாத்தினாள். ரெமி அதில் சாய்ந்து நின்றுகொண்டான், அவள் ஓடிவிடுவாள் என்ற முழு நம்பிக்கையோடு.

“இஸோர், ஆரம்பத்துலேர்ந்தே உங்களுக்குத் தெரியும். யாருன்னும் தெரியும். தெரிஞ்சே பஸ்தியான் மேல பழி விழ விட்டீங்க.”

இஸோர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“உங்க அப்பாவுக்கு வாசனை எப்பப் போச்சு?”

ரெமியின் வாய் திறந்தபடி நின்றது. இஸோர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை போல மூக்கை உறிஞ்சினாள்.

“போன வருஷம் ஜனவரில. ஒரு காய்ச்சல். எழுந்து உக்காந்து காபி கேட்டார், குடிச்சுட்டு, ‘இது வெந்நீர்’னார். அப்புறம் அது திரும்பி வரவே இல்ல. டிஜோன்ல டாக்டருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பஸ்தியானுக்குக்கூடத் தெரியாது.”

“ருசி பாக்கறப்போ எல்லாம் நீங்க பக்கத்துல உக்காந்தீங்க. உங்க கையைப் பாத்து அவர் பேசினார்.”

“இடப்பக்கம் திருப்பினா நல்லது. வலப்பக்கம் திருப்பினா கெட்டது. மீதியைப் பழைய ஞாபகத்துலேர்ந்து பேசுவார். எவ்வளவு அழகாப் பேசுவார் தெரியுமா? எனக்கே சில சமயம் அவருக்கு வாசனை தெரியுதோன்னு சந்தேகம் வரும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் இல்லாம அவர் ஒரு பாட்டில் திறக்க மாட்டார். பயம். அன்னைக்கு நான் டிஜோன்ல இருக்கேன், இவர் திறந்து, மோந்து, தக்கை வாடைன்னு சொன்னாராம்! லகாஸ் அதைச் சொல்லி அழறப்போ நான் எதிர்ல நின்னுட்டிருந்தேன்.”

“ஏன் சொல்லல?” இது ரெமி. குரலில் கேலி இல்லை.

“ரோஷ்வால்னா என்ன சார்? கொடி எல்லாருக்கும் இருக்கு. கல்லும் மண்ணும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் இருக்கு. அந்த மூக்குக்காகத்தான் ஜெனீவாலேர்ந்து வர்றாங்க. ரெண்டு வருஷமா ஊரை ஏமாத்தினோம்னு நானே சொல்லணுமா, அவரைப் புதைச்ச ஈரம் காயறதுக்குள்ள? வேற ஏதாவது ஆதாரம் கிடைக்கும்னுதான் உங்களைத் தேடி வந்தேன்.”

“கிடைச்சது” என்றாள் ஓரெலி. “அந்த லேபிள் பாட்டில் உங்க ஒயின் இல்ல. மோந்ததுமே உங்களுக்குப் புரிஞ்சது, பல் வலின்னு மறைச்சீங்க. யாரோ உங்க பேரை ஒட்டி மட்ட சரக்கை விக்கறான். அது எப்படியோ உங்க அப்பா கைக்குத் திரும்பி வந்திருக்கு. கொலைக்கு அது காரணம், ஆனா சாட்சி ஆகாது. லகாஸ் சொன்ன பொய்யை உடைக்க உலகத்துல ஒரே ஆள்தான் இருக்கு. திங்கட்கிழமை பஸ்தியானைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

வெளியே யாரோ கிண்ணத்தைக் கத்தியால் தட்டினார்கள். கூட்டம் அமைதியானது. லகாஸின் குரல் கேட்டது.

அவர் மேஜைத் தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஒயின் வாங்க வந்தவர்கள், ஓரத்தில் கேப்டன் கெர்வெல், அவரிடமிருந்து தள்ளிச் சுவரோரம் பஸ்தியான்.

“…அந்த மூக்கு கடைசி நிமிஷம் வரைக்கும் வேலை செஞ்சது நண்பர்களே! நான் எதிர்லயே இருந்தேன். கிண்ணத்தை எடுத்தான். ஒரு தடவை மோந்தான். கண்ணை மூடினான். மறுபடி மோந்தான். ‘ஒக்தாவ், தக்கை’ன்னான். எனக்கு ஒண்ணும் தெரியல, நம்ம மூக்கெல்லாம் மூக்கா? தன் பேருக்கு ஒரு குறை வரக்கூடாதுன்னு, எழுபத்தொரு வயசுல, தானே படியிறங்கிப் போனான்…”

சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிண்ணங்கள் உயர்ந்தன.

“அந்த பாட்டிலை நாங்க இன்னைக்குக் குடிச்சோம்” என்றாள் ஓரெலி கூட்டத்தின் பின்னாலிருந்து. “அதுல ஒரு குறையும் இல்லையே, லகாஸ்.”

“நானும் அதைத்தானே சொன்னேன் மேடம்?” அவர் கைகளை விரித்தார். “ஆனா ஆன்செல்ம் மூக்கு பெருசா, நம்ம மூக்கு பெருசா?”

கூட்டம் மெல்லச் சிரித்தது. ஓரெலி நகர்ந்து வழிவிட்டாள். இஸோர் முன்னால் வந்தாள்.

“அப்பாவுக்கு மூக்கு இல்ல” என்றாள். “போன வருஷம் ஜனவரிலேர்ந்து அவருக்கு எந்த வாசனையும் தெரியாது. பால் கருகினாக்கூடத் தெரியாது. நீங்க பூசிட்டு வந்த அத்தர் தெரியாமத்தான் லகாஸ் சார், உங்களைக் கழுவிட்டு வரச் சொல்லல. ரெண்டு வருஷமா இந்த வீட்ல மோந்து பாத்தது நான். அவர் எதை மோந்து தக்கை வாடைன்னு சொன்னார்?”

லகாஸ் சிரிக்கப் பார்த்தார். “பொண்ணுக்குத் துக்கத்துல புத்தி… அவன் என்கிட்ட சொல்லாம இருப்பானா? இது…”

“டிஜோன்ல டாக்டர் இருக்கார். கேப்டன் போன் பண்ணிக் கேக்கட்டும்.”

ஓரெலி நிலையத்திலிருந்து கொண்டுவந்த லேபிள் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். சத்தமில்லாமல்தான் வைத்தாள். லகாஸின் பார்வை அதில் ஒட்டிக்கொண்டது.

“இதைத்தான் ‘வேற பாட்டில்’னு நிலவறைலேர்ந்து எடுத்தாராம். இந்த வீட்டு நிலவறைல லேபிள் ஒட்டின பாட்டிலே கிடையாது. ‘இது உங்க ஒயின் இல்ல’ன்னு இதை யாரோ கடைலேர்ந்து திருப்பி அனுப்பியிருக்காங்க. பெரியவர் கீழ ஒளிச்சு வெச்சிருந்தார். ‘உள்ள இருக்கிறது யார் ஒயின் ஒக்தாவ்’னு உங்ககிட்ட கேட்டார், காட்டறதுக்காக எடுக்கப் போனார். இல்லையா?”

“நான் கதவை மட்டும்தான் சாத்தினேன்” என்றார் லகாஸ்.

அதைச் சொன்னது தான்தான் என்பதே அவருக்கு உறைக்காதது போல இருந்தது. கேப்டன் கெர்வெல் சாண்ட்விச் துணுக்கைத் தட்டிவிட்டுக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார்.

“கதவை எதுக்குச் சாத்தினீங்க?”

“பேசி முடிக்கணும்னுதான். நாளைக்கே போலீசுக்குப் போறேன்னான். முப்பது வருஷம்! ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள இருந்தா இறங்கி வருவான்னு நெனச்சேன். கதவைத் தட்டிட்டே என்னமோ சொன்னான்.”

“ஃபேன்?”

லகாஸ் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “அந்த இரைச்சல்ல அவன் சொல்றது கேக்கல. என்ன சொல்றான்னு கேக்கத்தான் நிறுத்தினேன்.”

“கேட்டுச்சா?”

“அப்புறம் கதவைத் திறந்தேன். அவன் பேசல” என்றார் லகாஸ்.

போலீஸ் வண்டி சரிவில் இறங்கி மறைந்த பிறகும் முற்றத்தில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பாரீசிலிருந்து வந்தவர்கள் இருவர், விடைபெறாமலே காரில் ஏறினார்கள். இன்னும் சிலர் பின்தொடர்ந்தார்கள். ஜெனீவாவிலிருந்து வந்த நரைத்த பெண்மணி ஒருத்தி மட்டும் மேஜையருகே நின்று, கையிலிருந்த கிண்ணத்தை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இஸோரைப் பார்த்தாள். ஆனால் போகவில்லை.

“நான் அந்தப் பொண்ணைத் தப்பா நெனச்சேன் மேடம்” என்றான் ரெமி தணிந்த குரலில்.

“பாதிதான் தப்பு” என்றாள் ஓரெலி.

இஸோர் முற்றத்தைக் கடந்து சுவரோரம் போனாள். பஸ்தியான் அசையாமல் நின்றிருந்தான். அவள் கையை நீட்டினாள்.

“உனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்” என்றான் அவன்.

“தெரியும்.”

“என் பொண்டாட்டி இதே முற்றத்துல உன் கையைப் பிடிச்சு அழுதாளே, அப்பவும்?”

“அப்பவும்.”

அவன் அவளுடைய கையைப் பார்த்தான். தொடவில்லை. நிலவறைச் சாவிக் கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து மேஜைமேல் வைத்தான். வாசல் வரை நடந்தவன் அங்கே நின்றான். கல் தரைக்குக் கீழே பீப்பாய்கள் பொங்கும் ஓசை மெலிதாக வந்துகொண்டிருந்தது. அவன் திரும்பி வந்து சாவியை எடுத்துக்கொண்டான்.

“காலைல வருவேன்” என்றான். “பீப்பாய்ங்களுக்காக. உங்களுக்காக இல்ல.”